மாரடைப்பு என்று எழுதப்பட்ட அப்பாவின் மரணமும், நான் படிக்கக் கற்றுக்கொண்ட புற்றுநோய்க் கணக்கும்

என் அப்பா இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 58. அவர் இறந்த ஊரின் பதிவேட்டில் காரணம் மாரடைப்பு என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்குள் எங்கள் கையிலிருந்து போன பணம் ஒரு பக்கம். அதே மாதங்களில், எங்கள் பகுதி ஆண்கள் நிஜமாகவே புற்றுநோயால் அதிகமாகச் சாகிறார்களா என்று தெரிந்துகொள்ள நான் அலைந்த அலைச்சல் இன்னொரு பக்கம். இரண்டும் வேறு வேறு விஷயம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டின. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி சிரமம் இருந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எண்களைப் பார்த்தால் பயப்படாமல் உட்கார்ந்து படிக்க முடியும், அவ்வளவுதான்.

நாங்கள் வியாசர்பாடிக்காரர்கள். அப்பாவுக்குச் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில். இளம் வயதிலேயே சென்னைக்கு வந்து சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். பீடி உண்டு, சாயங்காலத்தில் சில நாள் குடியும் உண்டு. முதலில் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பார். அப்புறம் நெஞ்செரிச்சல். மருந்துக்கடையில் கேட்டு கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். தெரு முனை டாக்டர் வயிற்றுப்புண் என்றார், மாத்திரையை மாற்றினார். எடை குறைந்துகொண்டே வந்தது. சட்டை தொளதொளவென்று ஆனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், வேலை அதிகம் என்று நினைத்தோம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சத்து டானிக் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போவதை அப்பா வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் அரசு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை, செய்தார்கள். சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் முடிவு வந்தபோது நோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அஜீரணம் வாரக்கணக்கில் நீடித்து, கூடவே எடையும் குறைந்தால், மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காமல் எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு மலம், காரணம் தெரியாத ரத்தசோகை இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

மருத்துவமனைச் செலவின் பெரும்பகுதி முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போய்விட்டது. ஆனால் நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பு தனியாரில் எடுத்த ஸ்கேன், ஆட்டோ, சத்து மாவு, அப்பாவின் கூலி நின்றுபோனது, அம்மா வேலைக்குப் போகாதது என்று எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய் கடன் ஆனது. மூன்று வட்டி. மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். கீமோ இரண்டு சுற்றுக்கு மேல் உடம்பு தாங்கவில்லை. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அப்பாவே கேட்டார். போனோம். வேப்பமரத்துக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அந்தக் கடைசி நாட்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

இறந்த பிறகு வி.ஏ.ஓ.விடம் தகவல் சொல்லச் சித்தப்பா போனார். திரும்பி வந்து, "மாரடைப்புன்னு சொல்லிட்டேன்மா. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு வீட்ல இருக்கு. கேன்சர்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யார் வந்து பொண்ணு கேப்பாங்க" என்றார். என் தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. சித்தப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் பெண்ணுக்காகத்தான் சொன்னார். எத்தனையோ வீடுகளில் இதே வார்த்தைகள் சொல்லப்பட்டிருக்கும். நாள் போகப்போகத்தான் கோபம் வந்தது. ஆறு மாதம் அந்த மனிதர் பட்ட வலிக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை எடுத்துவிட்டு, தூக்கத்தில் போன மாதிரி வேறொன்றை எழுதிவிட்டார்கள்.

காரியம் முடிந்து சென்னைக்கு வந்தால், தெருவே வேறு பேச்சில் இருந்தது. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாக மூன்று வருடத்தில் அப்பாவோடு சேர்த்து ஐந்து ஆண்கள் புற்றுநோயில் போயிருந்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்றார் ஒருவர். தொழிற்சாலைப் புகை என்றார் இன்னொருவர். செல்போன் கோபுரம் என்றும் சொன்னார்கள். எனக்கு ராத்திரியில் தூக்கம் போனது. தம்பிக்கு 31 வயது, வீட்டுக்காரருக்கு 38. இரண்டு பேரும் அதே தண்ணீரைக் குடித்து, அதே காற்றைச் சுவாசிக்கிறவர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பரிசோதனை நிலையத்தின் துண்டுப் பிரசுரம் வீட்டுக்கு வந்தது. ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லா விதமான புற்றுநோயையும் கண்டுபிடிக்கலாம், ஆண்களுக்கான சிறப்பு பேக்கேஜ் என்று போட்டிருந்தது. ஒரு ஆளுக்கு 8,500 ரூபாய். இரண்டு பேருக்கும் எடுத்தோம்.

வீட்டுக்காரருக்கு சி.இ.ஏ. என்ற, ரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடாகப் பார்க்கும் புரதத்தின் அளவு வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. உடனே சி.டி. ஸ்கேன், அப்புறம் மேலே ஒரு எண்டோஸ்கோப்பி, கீழே ஒரு கொலனோஸ்கோப்பி. பரிசோதனை, போக்குவரத்து, அவர் லீவு போட்ட சம்பளம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாயைத் தாண்டியது. என் காதில் கிடந்த கம்மல் அடகுக்குப் போனது. முடிவில் ஒன்றும் இல்லை. புகைபிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதை அதற்குப் பிறகு அரசு மருத்துவமனை டாக்டர்தான் சொன்னார். இந்த ரத்தக் குறியீடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே நோய் உள்ளவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்கத்தான். ஆரோக்கியமாக இருப்பவரிடம் நோயைத் தேட அவை உதவாது. நோய் இல்லாதவருக்கு இருப்பது போலக் காட்டும், இருப்பவருக்கு இல்லை என்றும் காட்டும். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பேக்கேஜ் எடுப்பதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம், "எந்த நோய்க்காக இதை எடுக்கிறோம், அளவு கூடுதலாக வந்தால் அடுத்து என்ன செய்வோம்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

அதே மருத்துவமனையில் சமூக மருத்துவத் துறையில் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் தெருக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. ஒரு தாளை எடுத்து, "உங்க ரெண்டு மூணு தெருவுல எத்தனை ஆம்பளைங்க இருப்பாங்க?" என்றார். சுமார் இரண்டாயிரம் இருக்கும் என்றேன். "புரியறதுக்காக, ஒரு லட்சம் ஆண்களுக்கு வருஷத்துக்கு 60 பேர் புற்றுநோயால சாகறாங்கன்னு வச்சுக்குவோம். அப்ப இரண்டாயிரம் பேருக்கு?" கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 1.2. மூன்று வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர். எந்தக் கெட்ட காரணமும் இல்லாமலே அத்தனை பேர் இறப்பார்கள். இவ்வளவு சிறிய இடத்தில் அந்த எண்ணிக்கை ஒரு முறை ஒன்று என்று வரும், இன்னொரு முறை ஆறு என்று வரும். ஐந்து என்பது அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. யாருமே சாகாத தெருவில் யாரும் கூடிப் பேசுவதில்லை. சாவு வந்த தெருவில்தான் பேச்சு கிளம்பும்.

அடுத்து அவர் கேட்டது, ஐந்து பேருக்கும் என்ன புற்றுநோய் என்று. அதை யாருமே விசாரித்திருக்கவில்லை. நான்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சில வீடுகளில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். அப்பாவுக்கு இரைப்பை, ஒருவருக்கு வாய், ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்குக் கல்லீரல், இன்னொருவருக்கு உணவுக்குழாய். அப்பாவைத் தவிர எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். வாயில் வந்தவர் வருடக்கணக்காக வாயில் ஹான்ஸ் புகையிலை வைத்தவர், நுரையீரலில் வந்தவர் பீடி குடித்தவர், கல்லீரலில் வந்தவருக்குப் பழைய குடிப்பழக்கம். ஒரே இடத்துக்குப் பொதுவான ஒரு நச்சு காரணமாக இருந்தால், ஒரே வகைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வருவது, இளம் வயதில் வருவது, வழக்கமாக அபூர்வமான ஒரு வகை வருவது போன்ற அடையாளங்கள் தெரியும் என்றார். அதற்காகத் தொழிற்சாலைப் புகையால் கெடுதல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013லேயே வகைப்படுத்திவிட்டது. புகைக்கு எதிராகப் போராடுவது நியாயமானது. ஆனால் எங்கள் ஐந்து சாவும் அதற்கான சாட்சி என்று சொல்ல முடியாது. உங்கள் தெருவில் இதே பேச்சு வந்தால், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பிக் காசு செலவழிப்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: யார், எந்த வயதில், எந்த உறுப்பில், எத்தனை வருடம் அங்கே குடியிருந்தார். அந்தத் தாளோடு போனால்தான் சுகாதார அலுவலர் யாராக இருந்தாலும் காது கொடுப்பார்.

அப்புறம்தான் நிஜமான கணக்கு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் மக்கள்தொகை முழுவதையும் கணக்கில் எடுக்கும் முதல் மூன்று பதிவேடுகள் பம்பாய், பெங்களூர், நம் சென்னை. சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்துகிறது. 1982 முதல் தொடர்ச்சியாகக் கணக்கு இருக்கிறது. கிராமப்புறத்துக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கைப் பதிவேடு இருக்கிறது. 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்கும் பதிவு நடக்கிறது. அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பரபரப்பான செய்தித் தலைப்பைவிட இவற்றில் உள்ள ஒரு அட்டவணை மேல் என்று இன்று நினைக்கிறேன். முதலில் திறந்தபோது தலை சுற்றியது என்பதும் உண்மை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு என்பது. விகிதத்திலும் இரண்டு வகை உண்டு. மொத்தச் சாவை மொத்த ஆண்களால் வகுத்தால் வருவது சாதாரண விகிதம். புற்றுநோய் வயதானவர்களுக்கு அதிகம் வரும் நோய். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இந்திய அளவில் 8.6 சதவீதம். அப்படியிருக்க, நம் சாதாரண விகிதம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, வருடா வருடம் கூடுவதிலும் இல்லை. அதனால்தான் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வயது அமைப்பு இருந்தால் எவ்வளவு என்று கணக்கிட்டு, வயது சரிசெய்த விகிதம் என்று தனியாகப் போடுகிறார்கள். ஊருக்கு ஊர் ஒப்பிட அதைத்தான் பார்க்க வேண்டும். 2020ல் வந்த தேசிய அறிக்கையில், ஆண்களிடம் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோயின் வயது சரிசெய்த விகிதம் மிசோரத்தின் ஐசாலில் ஒரு லட்சத்துக்கு 269.4. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் பகுதியில் 39.5. ஒரே நாட்டுக்குள் ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். இந்திய சராசரி என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நம் ஊரைப் பற்றிப் பேசுவதில் பெரிய பொருள் இல்லை என்பது அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று, ஊர் என்றால் எந்த எல்லை என்பது. சென்னை மாநகராட்சி 2011ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. 2005ல் சென்னையில் இத்தனை பேர், இப்போது இத்தனை பேர் என்று யாராவது எண்ணிக்கையை வைத்து மிரட்டினால், எல்லை ஒன்றுதானா என்று முதலில் கேளுங்கள். 2011க்குப் பிந்தைய வருடங்களுக்கு மக்கள்தொகையே மதிப்பீடுதான் என்பதையும் மறக்கக்கூடாது. கீழே வகுக்கும் எண் மாறினால் விடையும் மாறும். கணக்கு எழுதுகிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியூர் நோயாளிகள் உறவினரின் சென்னை முகவரியைக் கொடுப்பதும் நடக்கும். சென்னைக்காரர்கள் எங்களைப் போலச் சொந்த ஊருக்குப் போய் இறப்பதும் நடக்கும். பதிவேட்டுக்காரர்கள் குறைந்தது ஒரு வருடம் குடியிருந்தவரா என்று பிரித்துப் பார்க்கிறார்கள், ஆனால் அதற்கு நாம் சொல்லும் தகவல் சரியாக இருக்க வேண்டும்.

போக்கு என்பது கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்வி. மொத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, உறுப்பு வாரியாகப் பார்க்க வேண்டும். சென்னை ஆண்களிடம் நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது இரைப்பைப் புற்றுநோய். அப்பாவுக்கு வந்தது இந்த ஊர் ஆண்களின் பழைய நோய்தான் என்று படித்தபோது என்னையறியாமல் அழுதேன். கடந்த சில பத்தாண்டுகளில் அதன் விகிதம் இறங்கி வருகிறது. குளிர்சாதனப் பெட்டி வந்து உப்பில் ஊறவைத்த உணவு குறைந்தது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியின் தொற்று குறைந்தது போன்றவை உலகம் முழுக்கச் சொல்லப்படும் காரணங்கள். மறுபக்கம் வாய்ப் புற்றுநோய் இந்திய ஆண்களிடம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2022க்கான உலகளாவிய மதிப்பீட்டில் இந்திய ஆண்களின் புதிய புற்றுநோய்களில் உதடு, வாய் 15.6 சதவீதம், நுரையீரல் 8.5 சதவீதம். இன்றைக்கு நாம் பார்க்கும் சாவு இருபது முப்பது வருடம் முன்பு தொடங்கிய பழக்கத்தின் விளைவு. 2013ல் குட்கா தடை வந்ததே, ஏன் இன்னும் குறையவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தடைக்குப் பிறகும் கடைக்குப் பின்னால் கிடைப்பது வேறு கதை.

சாவைப் பற்றிய கணக்கில் என்னை உலுக்கியவை இரண்டு ஆய்வுகள். ஒன்று 2012ல் வெளியானது. நாடு முழுவதும் வீடு வீடாகப் போய், இறந்தவரின் கடைசி நாட்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அதை வைத்து மருத்துவர்கள் காரணத்தை நிர்ணயித்தார்கள். 2010ல் இந்தியாவில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோய்ச் சாவுகள் என்று மதிப்பிட்டார்கள். அதில் 71 சதவீதம் 30 முதல் 69 வயதுக்குள். அந்த வயது ஆண்களில் வாய், தொண்டைப் பகுதி 22.9 சதவீதம், இரைப்பை 12.6, நுரையீரல் 11.4. அதே வயது ஆண்களின் புற்றுநோய்ச் சாவில் 42 சதவீதம் புகையிலை தொடர்பான உறுப்புகளில். இன்னொன்று நம் ஊர் ஆய்வு, 2003ல் வந்தது. டாக்டர் கஜலட்சுமியும் பிறரும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் சுமார் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்தார்கள். சென்னையில் புகைபிடித்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு, புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. பீடியைப் பற்றிப் பேசும்போது புற்றுநோயை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். எங்கள் வீட்டு ஆண்கள் வாழ்ந்த இரண்டு இடங்களும், வியாசர்பாடி இருக்கும் சென்னையும் செஞ்சி இருக்கும் விழுப்புரமும், அந்த ஆய்வில் இருந்தன.

சரி, வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? காரணம், நம் இறப்புப் பதிவேட்டில் காரணம் ஒழுங்காக இல்லை. 2020ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மருத்துவர் எழுதியதிலும், இதயமும் மூச்சும் நின்றது என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நிற்கிறது. எது அங்கே கொண்டுபோய் விட்டதோ அந்த அடிப்படை நோயைக் கீழ் வரியில் எழுத வேண்டும் என்பதுதான் படிவத்தின் முறை. அதனால் பதிவேட்டு அட்டவணைகளில் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை ஓரளவு முழுமையாக இருந்து, சாவின் எண்ணிக்கை குறைவாக இருந்தால், இந்த ஊரில் நோயாளிகள் நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று மகிழ்ந்துவிட முடியாது. நுரையீரல், உணவுக்குழாய், இரைப்பை போன்ற நோய்களில் நூறு பேருக்கு வந்து முப்பது பேர்தான் இறந்ததாகக் கணக்கு காட்டினால், மீதிச் சாவுகள் எங்கோ வேறு பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன என்றுதான் சந்தேகிக்க வேண்டும்.

இதைப் படித்த ராத்திரி எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு நோய் கண்டது சென்னை மருத்துவமனையில். இறந்தது விழுப்புரம் மாவட்டத்தில், மாரடைப்பு என்ற பெயரில். இந்த இரண்டு தாள்களையும் யார் எப்படிச் சேர்த்துப் பார்ப்பார்கள்? நடுவில் ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்திருக்கிறது, அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இருந்ததால் அம்மா, "நல்லா இருக்காருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். கணக்கில் அப்பா உயிரோடு இருந்திருக்கிறார். சென்னை ஆண்களின் இரைப்பைப் புற்றுநோய்ச் சாவில் ஒன்று குறைந்து, விழுப்புரத்தில் மாரடைப்பில் ஒன்று கூடியது. இப்படி எத்தனை வீடுகளோ. எந்த மாவட்டத்தில் எண்டோஸ்கோப்பி கருவி வேண்டும், எங்கே கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் இந்த எண்ணிக்கையைத்தானே பார்ப்பார்கள்.

பணத்தில் அடி விழுந்தது இதே இடத்தில்தான். அப்பா பெயரில் ஐந்து லட்சத்துக்கு ஒரு ஆயுள் காப்பீடு இருந்தது. நோய் தெரிவதற்கு முன்பு எடுத்தது, மூன்று வருடம் முடியவில்லை. மூன்று வருடத்துக்குள் வரும் கோரிக்கையை விசாரிக்காமல் கொடுக்க மாட்டார்கள். மூன்று வருடம் முடிந்த பாலிசியைக் காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவின்படி கேள்வி கேட்க முடியாது. இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, சட்டப்படியே அதைப் போடக்கூடாது. எனவே நாங்கள் மருத்துவமனைத் தாள்களை வைத்துப் புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு ஊருக்குப் போனவரிடம் சித்தப்பா மாரடைப்பு என்றார், வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். இரண்டு கதை வந்ததும் கோரிக்கை நின்றுவிட்டது. ஏற்கெனவே இதய நோய் இருந்ததா, மறைத்தீர்களா என்று கடிதம் வந்தது. பல மாதம் இழுத்தது. வட்டி மட்டும் அரை லட்சத்துக்கு மேல் போனது. அம்மா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அவர் பொய் சொல்லாத மனுஷன்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வழி இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் தவறான பதிவைத் திருத்த இடம் உண்டு. பயாப்ஸி முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, சிகிச்சை கொடுத்த டாக்டரின் கடிதம், விஷயம் தெரிந்த இரண்டு பேரின் உறுதிமொழி ஆகியவற்றை வைத்து விண்ணப்பித்தோம். அந்த இரண்டு பேரில் ஒருவர் சித்தப்பா. தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேசினோம். "எனக்காக அப்பாவை மறைக்க வேணாம் சித்தப்பா" என்று அவள் சொன்ன பிறகு அவர் கையெழுத்துப் போட்டார். திருத்தம் ஆன பிறகு காப்பீட்டுப் பணம் வந்தது. தங்கைக்கு அடுத்த வருடமே கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் நடந்தது. கோரிக்கை நியாயமில்லாமல் இழுக்கப்பட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இப்போது ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருந்தால், இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊருக்குக் கூட்டிப் போவதற்கு முன்பே பயாப்ஸி முடிவையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள். அங்கே பார்க்கப்போகும் டாக்டரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். கடைசி நோயில் கவனித்த மருத்துவர் காரணச் சான்றைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்பது சட்டம். 2023ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மருத்துவமனையில் இறந்தால் அதன் பிரதி நெருங்கிய உறவினருக்கும் கிடைக்க வேண்டும், கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். புற்றுநோயின் பெயரும் உறுப்பும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். நேரம் இருக்கிறது, துக்கத்தில் இருக்கும் ஒருவரை அவசரமாக அனுப்பாமல், விஷயம் தெரிந்தவர் போகட்டும். தகவல் கொடுக்கும் படிவத்தில் நோயின் பெயரோடு, இறந்தவர் எத்தனை வருடம் புகைபிடித்தார், புகையிலை மென்றாரா, பாக்கு போட்டாரா, குடித்தாரா என்றும் கேட்கிறார்கள். அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துப் புள்ளிவிவரத்துக்கு அனுப்பிவிடுவார்கள், ஊருக்குத் தெரியாது. பெரும்பாலும் அதை வெறுமனே கோடு போட்டு விட்டுவிடுகிறார்கள். உண்மையை எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து பின்தொடர்ந்து போன் வந்தால், தேதியோடு சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் பீடியை விட மூன்று முறை முயன்று மறுபடி தொட்டார். இப்போது 1800-11-2356 என்ற இலவசப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் பேசுகிறார், அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். தமிழிலும் பேசுகிறார்கள். தம்பி பழக்கம் எதுவும் இல்லாதவன், ஆனாலும் அப்பாவின் நோயை டாக்டரிடம் சொல்லி, ஹெலிகோபாக்டர் பைலோரி பரிசோதனை மட்டும் செய்துகொண்டான். கிருமி இருந்தது. இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டான், செலவு ஆயிரத்துச் சில்லறை.